நீல் சிலையும் நம் தெருமுனைச் சிலையும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. வஞ்சிரம் விலையைக் கேட்காதே.

பிடிக்காதவர் சிலையை எடுத்தால் வரலாறே போய்விடும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மவுண்ட் ரோட்டில் நின்ற ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையையே எடுத்துக்கொள். 1857-இல் மெட்ராஸ் படையோடு வடக்கே போய், அலகாபாத்தில் ஊர் ஊராக எரித்துத் தூக்கிலிட்டவன் அவன். கான்பூரில் கைதிகளைத் தரையிலிருந்த இரத்தத்தை நக்கவைத்த பிறகு தூக்கில் போட்டான். அவனுக்கு இங்கே சிலை வைத்தார்கள். 1927-இல் அதை உடைக்கத் தொண்டர்கள் சுத்தியலோடு போய்ச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் ஒன்பது வயது மகளோடு வந்து நின்றார். அந்தப் பிள்ளைக்குத்தான் காந்தி லீலாவதி என்று பெயர் வைத்தார். பத்து வருஷம் கழித்து, 1937-இல் ராஜாஜி ஆட்சியில் சிலை இறங்கியது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் போராட்டம் இல்லையென்றால் நீல் யாரென்று உனக்கும் எனக்கும் தெரிந்திருக்குமா, சொல்?

2001-இல் கடற்கரைக் கண்ணகி சிலையை எடுத்தது வேறு கதை. லாரி இடித்தது என்றார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். ஊரைக் கேட்டு எடுக்கவில்லை, அதனால் யாருக்கும் மனசு ஆறவில்லை. 2006-இல் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், போன வாரம் ஏப்ரல் 14. நம் தெருமுனை அம்பேத்கர் சிலைக்கு மாலை போட விடியும் முன்பே போனோம். நீ ஊரைவிட்டுப் போன பிறகு அதைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டுவிட்டார்கள். உப்புக்காற்றில் பூட்டு இறுகிக்கிடந்தது. எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து சாவித் துவாரத்தில் விட்டார். துணி சுற்றிப் பிடித்துத் திருப்பித் திருப்பி, கால் மணி நேரம் கழித்துத்தான் திறந்தது. ஏணியில் ஏறி மூக்குக்கண்ணாடியிலிருந்த தூசியையும் தோளிலிருந்த காக்கை எச்சத்தையும் நான்தான் துடைத்தேன். மாலை போட்டோம். சாயங்காலம் மறுபடி பூட்டிவிட்டார்கள். பூட்டும் சத்தம் கேட்டபோது வயிறு எரிந்தது.

யாராவது உடைத்துவிடுவார்கள் என்பதால்தான் கூண்டாம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இதே நிலைமை. உடைக்க வருகிறவனைப் பிடிக்காமல், அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்தவரைக் கம்பிக்குள் வைப்பது என்ன நியாயம்?

2021-இல் உயர் நீதிமன்றம் பொது இடங்களிலுள்ள சிலைகளையெல்லாம் தலைவர்கள் பூங்காவுக்கு மாற்றச் சொன்னதை நீ ஆதரித்தாய். நெரிசல் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சிலை நம் அப்பாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வைத்தது. அதன் கீழே உட்கார்ந்துதானே நாம் படித்தோம்? தெருவிளக்கு வெளிச்சம் அங்கேதான் விழுந்தது. பூங்காவுக்குப் போனால் அதன் காலடியில் யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

கூண்டை எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். தெருவில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மே மாதம் வருகிறாய் அல்லவா, வந்து போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்