இரவல் ராக்கெட்

காட்பாடி
6-4-2025

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. மகள் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்துவிட்டாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். 2022 மார்ச்சில், ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த நேரத்தில், அவள் தான் படித்த கார்கிவிலிருந்து ரயிலேறிப் போலந்து எல்லையைத் தாண்டும்வரை நீ போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அந்த ஊர் இன்னும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உக்ரைனுக்கு அமெரிக்கா கொடுத்த அந்த ஹைமார்ஸ் ராக்கெட் வண்டி, பட்டாளத்தில் நாம் ஓட்டிய கிராட் ராக்கெட் வண்டி மாதிரிதானா என்று கேட்டிருந்தாய். சுடுவது ராக்கெட், ஏற்றிப்போவது லாரி. ஒற்றுமை அவ்வளவுதான். நம்ம வண்டியில் நாற்பது குழாய். இருபது செகண்டில் காலியாகிவிடும். 1999 ஜூலையில் கார்கில் சண்டையில் டைகர் ஹில்லை அடித்தபோது மலைச்சரிவே பற்றி எரிந்த மாதிரி இருந்தது, நினைவிருக்கும். ஆனால் ஒவ்வொரு ராக்கெட்டும் எங்கே விழும் என்று நம்மில் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் நாற்பதையும் சேர்த்து விட்டோம்.

ஹைமார்ஸில் ஆறே ராக்கெட். ஒவ்வொன்றின் முனையிலும் 90 கிலோ வார்ஹெட், அதாவது வெடிக்கும் பாகம். ஜி.பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொண்டு, முனையிலுள்ள சின்னத் துடுப்புகளால் வழியைத் திருத்திக்கொண்டே போய், எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி, குறித்த இடத்துக்குச் சில மீட்டருக்குள் விழும். கேபினில் மூன்று பேர் போதும். ஆறும் ஒரே பெட்டியாக வரும். அதை வண்டியே தூக்கி வைத்துக்கொள்ளும். அறுபத்தாறு கிலோ ராக்கெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குளிரில் விரல் மரத்துப்போக, ஒவ்வொன்றாகக் குழாயில் ஏற்றிய ராத்திரிகள் இதைப் படிக்கும்போது கண்முன்னே வந்தன.

முதல் நான்கு வண்டிகள் அமெரிக்காவிலிருந்து 2022 ஜூன் கடைசியில் வந்தன. ரஷ்யப் பீரங்கியின் அடி தாங்காமல் உக்ரைன் படை கிழக்கிலுள்ள செவெரோதொனெத்ஸ்க் நகரை விட்டுப் பின்வாங்கிய அதே வாரம். ரஷ்யர்களுடைய சப்ளை முழுக்க ரயிலை நம்பியது. உக்ரைன் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில், ரயில் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே குண்டுகளை மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். ஜூலையில் அந்தக் கிடங்குகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ரஷ்யர்கள் பிடித்திருந்த நோவா ககோவ்கா ஊரில் எழுந்த தீ இரவையே பகலாக்கியது. அதற்கப்புறம் கிடங்கைப் பின்னால் தள்ள வேண்டியதாயிற்று. லாரி ஓட வேண்டிய தூரம் கூடியது. முன்வரிசைக்குப் போய்ச் சேரும் குண்டு குறைந்தது.

எனக்கு அதைவிட வியப்பு, ரஷ்யர்கள் பிடித்திருந்த கெர்சோன் நகரில் நீப்பர் ஆற்றின் மேலுள்ள அன்டோனிவ்ஸ்கி பாலம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கான்கிரீட் பாலம். தொண்ணூறு கிலோ வார்ஹெட்டால் அதை வீழ்த்த முடியாது. ரோட்டில் மட்டும் வரிசையாக ஓட்டை போட்டார்கள், பஸ் டிக்கெட்டைக் கண்டக்டர் துளை போட்ட மாதிரி. கனரக வண்டிகள் போகவே முடியவில்லை. படகும் மிதவையும் வைத்து மூன்று மாதத்துக்கு மேல் சமாளித்துப் பார்த்துவிட்டு, நவம்பர் 9-ஆம் தேதி கெர்சோனை விட்டு வாபஸ் என்று ரஷ்யத் தளபதி டிவியிலேயே அறிவித்தார். போகும்போது பாலத்தை இடித்தவர்கள் அவர்களேதான்.

ரஷ்யர்கள் வசமிருந்த மக்கியிவ்கா நகரில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023 புத்தாண்டு பிறந்த நள்ளிரவில், தொழிற்பள்ளிக் கட்டடம் ஒன்றில் புதிதாகத் திரட்டிய ரஷ்யப் பையன்களைத் தங்கவைத்திருந்தார்கள். ஆறு ராக்கெட் வந்தது, நான்கு விழுந்தது. ரஷ்ய அரசே ஒப்புக்கொண்ட கணக்கு 89 பேர். தடையை மீறி மொபைல் பேசியதுதான் காரணம் என்று செத்தவர்கள் மேலேயே பழியைப் போட்டது. அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் படுக்கவைத்த அதிகாரியை நாம் என்னவென்று சொல்வோம்? எதிரிப் படைதான், அடுத்தவன் மண்ணில் புகுந்தவர்கள்தான். ஆனாலும் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டுத் தூங்கப் போன பையன்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. உனக்கும் வலிக்கும், தெரியும்.

ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்பும் கருவிகளை முன்வரிசை நெடுக நிறுத்தியது. 2024-க்குள் அந்தப் பழைய துல்லியம் குறைந்துபோயிற்று.

என்னை ராத்திரி விழிக்க வைப்பது வேறு. கார்கிவ் எல்லையிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் ரஷ்யாவின் பெல்கொரொதிலிருந்து ஏவுகணை வரும். ஹைமார்ஸுக்கு அது எட்டும் தூரம். ஆனால் ரஷ்ய மண்ணில் சுடமாட்டோம் என்று அமெரிக்காவிடம் வாக்குக் கொடுத்துத்தான் உக்ரைன்காரர்கள் வாங்கியிருந்தார்கள். 2024 மே மாதம் வொவ்சான்ஸ்க் பக்கம் ரஷ்யா புது முனையைத் திறந்த பிறகே, மாதக் கடைசியில் அந்தப் பகுதிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம்! அணு ஆயுதம் வைத்திருப்பவனைச் சீண்டக்கூடாது என்ற அமெரிக்காவின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுத்தது உன் மகள் வாடகைக்கு இருந்த தெருவில் குடியிருப்பவர்கள்.

கோ-ஆர்டினேட்டும், அதாவது அடிக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் எண்ணும், அப்படித்தான். பெரும்பாலும் அமெரிக்கா கொடுக்கும், இல்லாவிட்டால் சரிபார்க்கும் என்று உக்ரைன் அதிகாரிகளே 2023-ல் பத்திரிகைக்குச் சொன்னார்கள். போன மாதம் அமெரிக்கா உளவுத் தகவலையும் ஆயுதத்தையும் ஒரு வாரம் நிறுத்தியதே, அப்போது அந்த வண்டிகளில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். ராக்கெட் பெட்டியில் இருக்கிறது, எதிரி எதிரே இருக்கிறான், எங்கே அடிப்பது என்ற எண் மட்டும் வரவில்லை. சவுதியிலுள்ள ஜெட்டாவில் அமெரிக்காவும் உக்ரைனும் பேசி முடித்த பிறகுதான் வந்தது. நம்ம பேட்டரிக்கு அப்படி நடந்திருந்தால்?

இரவல் வாங்கியதைத் தப்பென்று சொல்லமாட்டேன். வாங்கியிராவிட்டால் கெர்சோன் திரும்பக் கிடைத்திருக்காது. ஆனால் நாமும் இப்போது ஆர்மீனியாவுக்கு நம்ம சொந்த ராக்கெட் வண்டியான பினாகாவைக் கொடுக்கிற நாடு. கொடுக்கிறவர் எந்த நிபந்தனையைப் போடலாம், எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி நம் பக்கமும் வந்துவிட்டது. நிறுத்துவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சண்டை நடுவில் கூடாது என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தோன்றுகிறது, எழுது.

சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கச்சியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா. கார்கிவில் கூடப் படித்த உக்ரைன் பெண்ணிடமிருந்து அவளுக்குத் தகவல் ஏதும் வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுது. அவள் இங்கே வந்து, நான் தெரியாமல் எதையாவது கேட்டுவிடக் கூடாது.

உன்
துரைசாமி