எண்கோட்டுக் கணக்குகள்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் 'தகவல் போதாது' என்று முடியும் கணக்குகளைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே விட்டுவிட்டார்களா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இல்லை, அந்தக் கணக்குக்கு அதுதான் விடை.

இவ்வகைக் கணக்கில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் இருக்கும். கேள்விக்கு உறுதியான ஒரே பதிலைச் சொல்ல எந்தக் கூற்று போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்று பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டும்.

எண்கோடு என்பது பூச்சியத்துக்கு வலப்பக்கம் மிகை எண்களும் (1, 2, 3...) இடப்பக்கம் குறை எண்களும் (−1, −2, −3...) சம இடைவெளியில் குறித்த நேர்கோடு. அதில் க, ச, ட என மூன்று புள்ளிகள். க-வுக்கும் ட-வுக்கும் எவ்வளவு தொலைவு? கூற்று 1: க-வுக்கும் ச-வுக்கும் 8 அலகு. கூற்று 2: ச-வுக்கும் ட-வுக்கும் 3 அலகு. பிள்ளைகள் சட்டென்று கூட்டி 11 என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்து வரிசைப்படியே புள்ளிகளையும் இடமிருந்து வலமாக வைத்துவிடுவதுதான் காரணம். ச-வை 0-இலும் க-வை −8-இலும் வையுங்கள். ட 3-இல் இருந்தால் தொலைவு 11, −3-இல் இருந்தால் 5. இரண்டு படமும் கூற்றுகளோடு பொருந்துகின்றன, ஆகவே தகவல் போதாது. 'க, ச-வுக்கு இடப்பக்கம்' என்று கூடுதலாகச் சொன்னாலும் ட எந்தப் பக்கம் என்று தெரியாது. 'ச மற்ற இரண்டுக்கும் இடையில்' என்று சொன்னால்தான் 11 உறுதி.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறொன்று. ப, ம இரண்டில் பூச்சியத்துக்கு அருகில் இருப்பது ப-வா? கூற்று 1: ப, ம-வுக்கு இடப்பக்கம் உள்ளது. கூற்று 2: இரண்டையும் கூட்டினால் மிகை எண் வரும். தனித்தனியே எதுவும் போதாது. சேர்த்துப் பாருங்கள்: ம கட்டாயம் மிகை எண், ப குறை எண்ணாக இருந்தாலும் ம அளவுக்குப் பூச்சியத்தைவிட்டு விலகிப் போக முடியாது, போனால் கூட்டுத்தொகை மிகையாக வராது. ஆகவே பதில் 'ஆம்'. புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்காமலே பதில் கிடைத்துவிட்டது! இதைப் புரிந்துகொண்ட பிள்ளை கணக்கை மனப்பாடம் செய்யாது.

உறுதியான 'இல்லை'யும் போதுமான பதில்தான். 'ர பூச்சியத்துக்கு வலப்பக்கமா?' என்ற கேள்விக்கு, 'ர, −2-க்கு இடப்பக்கம்' என்ற கூற்றே போதும். இதில் பலர் தடுமாறுகிறார்கள்.

வீட்டில் உதவ உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'விடை என்ன?' என்று அவசரப்படுத்தாமல், 'இந்தப் புள்ளி வேறு எங்காவது இருக்கலாமா? வரைந்து காட்டு' என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் கூற்றைப் பார்க்கும்போது முதல் கூற்றைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுத்துவிடும். ஒரே கணக்குக்கு நான்கைந்து கோடுகள் வரைந்து பக்கத்தை நிரப்பியிருந்தால் கண்டிக்க வேண்டாம். அந்தக் கோடுகளை அழிக்காமல் அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரட்டும். ஆசிரியர் அவற்றைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்