‘மெட்டி ஒலி’க்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகின் தலைசிறந்த பத்துத் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தி ஒயர்’ முதலிடம், அடுத்து ‘சோப்ரனோஸ்’, ‘பிரேக்கிங் பேட்’. அதில் எனக்குச் சண்டையில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் போலீசையும் போதை வியாபாரத்தையும் வைத்து ஓர் ஊரையே உரித்துக் காட்டிய ‘தி ஒயரை’ நானும் இரண்டு முறை பார்த்தவன்தான். தமிழ் சீரியல்கள் ‘படம் போட்ட ரேடியோ நாடகங்கள்’, அதனால் சேர்க்கவில்லை என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது.

ரேடியோ நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஏன் அப்படி என்பது குடியாத்தத்துக்கு வந்தால் தெரியும்.

என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் முறம், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 சேர்ந்தால் ஒரு கட்டு. கண்ணுக்கும் கைக்கும் ஓய்வே கிடையாது, காது மட்டும் சும்மா இருக்கும். “யாரு, மாமாவா வர்றது?” என்று பாத்திரம் வாய்விட்டுக் கேட்பது கட்டுரையாளருக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு அதுதான் காட்சி.

‘தி ஒயர்’ தொடங்கிய அதே 2002-இல்தான் திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’யும் தொடங்கியது. அது 2008 வரை 60 அத்தியாயம்; இது 2005-க்குள் 800-ஐத் தாண்டியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார். சம்பந்தி வீட்டில் அவர் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில் டிவியில் சத்தம் நின்றுபோகும். உடனே அம்மா தலை நிமிர்வார், பாதி உருட்டிய பீடி விரலிலேயே இருக்கும். “இன்னாத்துக்கு இந்த மனுசன் வாயே தொறக்க மாட்றாரு?” என்பார். காதுக்கென்று எழுதிய தொடரில் மௌனத்தை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது, பாருங்கள்.

தமிழில் ஒன்று சொல் என்றால் காட்பாடி நண்பர் ஒருவர் யோசிக்காமல் ‘விடாது கருப்பு’ என்பார். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. நல்ல தொடர்தான். ஆனால் சினிமா மாதிரி இருக்கிறது என்பதற்காகவே அதைத் தூக்கிப்பிடிக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு தொடரிலும் நடிகர் சேத்தன் இருக்கிறார். எங்கள் தெரு தினமும் சாபம் விட்டது ‘மெட்டி ஒலி’யில் அவர் நடித்த மாணிக்கத்துக்குத்தான்.

எல்லா சீரியலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ‘கோலங்கள்’ 1,500 அத்தியாயம் தாண்டியது. பாதியில் முடித்திருந்தால் நாயகி அபிக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். அம்மா பீடியை விட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. வெறும் கையோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். தலைப்புப் பாட்டு ஓடியது. அந்தக் காலத்தில் அந்த நேரத்தில்தான் இலைக்குத் தண்ணீர் தெளிப்பார்.

“ஏண்டா, இந்தப் பாட்டுக்கு ஒருத்தி ஆடுறாளா?” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.