சுரங்க உற்பத்தி மக்களின் வருமானம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரோக்கியம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மாவட்டங்களை வரிசைப்படுத்தும்போது, கனிமம் உள்ள மாவட்டங்களுக்கு வருமானக் கூறு ஊதிப் பெருத்துவிடுகிறது. நாடுகளுக்கு ஐ.நா. எடுத்துக்கொள்வது மொத்த தேசிய வருமானம். வெளியே போகும் லாபம் அதில் கழிந்துவிடும். மாவட்ட அளவில் கிடைக்கும் புள்ளிவிவரமோ உற்பத்தி மதிப்பு மட்டும்தான். நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி கடலூர் கணக்கில் ஏறும். லாபம் ஈவுத்தொகையாக மத்திய அரசுக்கும் மற்றப் பங்குதாரர்களுக்கும் போகும்.

ஒரு கற்பனை மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரோக்கியம் 0.75, கல்வி 0.60, தலைக்கு ஆண்டு வருமானம் 10,000 டாலர். ஐ.நா.வின் 100, 75,000 டாலர் எல்லைகளை வைத்து மடக்கை எடுத்தால் வருமானக் கூறு 0.696. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் கண்டால் 0.679, இது ‘நடுத்தர’ வகை. புதுச் சுரங்கத்தால் உற்பத்தி இரட்டிப்பானால் வருமானக் கூறு 0.800, குறியீடு 0.711. கோடு 0.700 என்பதால் மாவட்டம் ‘உயர்’ வகைக்குப் போய்விடும். ஆயுளும் படிப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். நிலம் கொடுத்தவர் ஒப்பந்தக் கூலியாகியும் இருக்கலாம்.

உற்பத்தியை எடுத்துவிட்டு, குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் வரும் தலைக்கான மாதச் செலவைப் போடலாம். அப்போது மேல், கீழ் எல்லைகளையும் மாற்ற வேண்டும்; டாலர் எல்லைகளை அப்படியே விட்டால் எண்கள் அபத்தமாகிவிடும். ஆய்வின் மாதிரி அளவு வட்டம், ஊராட்சி அளவுக்குப் போதாது. எனவே சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் கூடுதல் வீடுகளை எடுத்து, சுரங்க நிறுவன ஊழியர்கள் வசிக்கும் டவுன்ஷிப்பைத் தனியாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் குவார்ட்டர்ஸில் இருக்கும் பொறியாளரின் படிப்பு, பக்கத்து ஊர் விவசாயக் கூலியின் சராசரியில் கலந்துவிடும்.

ஆயுட்காலக் கணக்கு இன்னும் மோசம். தேர்ந்தெடுத்த மாதிரிப் பகுதிகளில் பிறப்பு, இறப்புகளைப் பதியும் மாதிரிப் பதிவு முறை மாநில அளவுக்குத்தான் அதைத் தருகிறது. அதற்குப் பதிலாகச் சிசு மரண விகிதத்தைப் போட்டு ஒப்பேற்றினால், தூசியால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் கண்ணிலேயே படாது.

தண்ணீரையும் சேர்க்க வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும். சுற்றுவட்டார ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர்மட்டத்தை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளக்கலாம். ஓராண்டு மழைக்கு முன்பும், அடுத்த ஆண்டு மழைக்குப் பின்பும் அளந்தால் ஒப்பிட முடியாது.

கூடவே, 2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் பழைய குத்தகை என்றால் 30 சதவீத அளவும், ஏலக் குத்தகை என்றால் 10 சதவீத அளவும் சேர்கிறது. அதில் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு செலவானது என்பதைக் குறியீட்டு அட்டவணையிலேயே அச்சிட வேண்டும்.

புள்ளியியல் ஆசிரியர்கள்,
தரமணி, சென்னை