கல்வெட்டில் பேர் வராதவர்களுக்கு

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஐயா அவர்களுக்கும், ஆச்சிக்கும், தலைமையாசிரியை டீச்சருக்கும், கீழே வரும் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் புதுக் கட்டடம் போன வாரம் திறந்தாயிற்று. வாசலில் பதித்த கல்வெட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் நாலு பேர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பள்ளிக்குள் கால் வைத்தவர்கள். குறையாகச் சொல்லவில்லை, கல்வெட்டு என்றால் அப்படித்தான். ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் மற்றவர்களுக்கும் நன்றி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. யார் பேரும் போடவில்லை. போட்டால், ஏன் அவர் பேர் முதலில் வந்தது என்று கேட்க நம் ஊரில் ஆள் உண்டு.

முதலில் எம்.எல்.ஏ. ஐயா. 2024 ஆகஸ்டில் குழுவைத் திருத்தி அமைத்து 24 பேர் ஆனதும், நாங்கள் அவர் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு போனோம். அதில் பதினான்கு கோரிக்கை. ஊர் நுழைவில் வளைவு, ஹைமாஸ் லைட், ஊருணிக்குப் படித்துறை, சமுதாயக் கூடம் என்று போய், ஒன்பதாவதாக வகுப்பறை. எழுதியது ஆண்கள், தூக்கிக்கொண்டு போனது நாங்கள். அவர் படித்துவிட்டு, 2022-ல் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் ரொம்ப நாளாகத் தீராத 10 கோரிக்கைகளை மட்டும் கேட்ட கதையைச் சொன்னார். "தொகுதிக்கே பத்து என்றால் ஊருக்கு எத்தனை, நீங்களே சொல்லுங்கள். பதினாலும் வேண்டும் என்றால் பதினாலும் கடைசியில்தான் நிற்கும். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வாருங்கள்" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டே வந்தோம், அதற்கு இங்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த நம்பர் போடுகிற வேலைதான் எங்களை மாற்றியது. அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு மணி நேரம் சண்டை. வளைவுதான் ஊருக்கு மரியாதை என்றார் ஒரு பெரியவர். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா எழுந்து, "வளைவு வழியா வந்து பிள்ளை எங்கே உட்காரும் மாமா?" என்றார். அவ்வளவுதான். வகுப்பறை ஒன்று, கழிப்பறையும் தண்ணீரும் இரண்டு, பஸ் மூன்று என்று தீர்மானம் ஆனது. அந்தக் கேள்விக்காக அக்காவுக்கு என் முதல் வணக்கம்.

பிள்ளைகள் அதுவரை எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் நாட்டு ஓட்டுக் கட்டடமும் போயிற்று. இடித்தது சரிதான், ஆனால் புதுசு வரவில்லை. அப்போது வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்த தன் வீட்டின் முகப்பைத் திறந்துவிட்டவர் ஆச்சி. மூன்று வருஷம் அங்கேதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, ஆத்தங்குடிக் கல்லின் பூவை விரலால் தடவிக்கொண்டே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும். டீச்சர் கழித்தலைக்கூடத் தரையில் உள்ள கட்டங்களை வைத்தே நடத்தினார். கரும்பலகை மாட்ட சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது மட்டும் ஆச்சியின் நிபந்தனை. முட்டை பூசி வழவழப்பாக்கிய சுவராயிற்றே! நாற்காலியில் சாய்த்துத்தான் வைத்தோம்.

எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி. அதிலிருந்து ஒதுக்குகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பள்ளி நிற்கிற 22 சென்ட் இன்னும் ஆச்சி குடும்பத்துப் பேரில் இருந்தது. ஒரு காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்தது, பத்திரம் இல்லை. தனியார் பட்டாவில் அரசுப் பணத்தைப் போட முடியாது. வள்ளல் அழகப்பர் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்த சீமையில், 22 சென்டுக்கு நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம். பங்காளிகள் பதினொரு பேர். சென்னையில் ஆறு, கோவையில் இரண்டு, மற்றவர்கள் சிங்கப்பூர், மலேசியா. வெளிநாட்டில் இருப்பவர் தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒரு பவர் வருவதற்குள் இன்னொன்றின் கெடு முடியப் பார்க்கும். ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொருவருக்காக போன் போட்டு, "அப்பச்சி கொடுத்ததுக்கு நீ கையெழுத்துதான் போடணும், காசு கேக்கலை" என்பார். கடைசிக் கையெழுத்து வந்த அன்று எங்களுக்கெல்லாம் கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தார்.

தான செட்டில்மெண்ட் எழுதிய பத்திர எழுத்தர் கூலி வாங்கவில்லை. சர்வே எண்ணில் உட்பிரிவு தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தவர், ஒன்றிய அலுவலகத்தில் எந்தக் கல்வெட்டிலும் ஏறாத ஒரு இளநிலை உதவியாளர். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் கோப்பு இன்னொரு வருஷம் தூங்கியிருக்கும். இருவருக்கும் நன்றி. அப்புறம் கொத்தனார் அண்ணன்கள்: கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைச் சின்னப் பிள்ளை கைக்கு எட்டும்படி இறக்கி வைக்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள்.

பஸ் கதையும் உண்டு. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8-ல் வந்த பிறகு, அதை விளக்க எம்.எல்.ஏ. ஐயா பள்ளிக்கு வந்தார். பிளஸ் ஒன்னுக்கு இனி பொதுத்தேர்வு இல்லை என்றார், கைதட்டினோம். ஒரு அம்மா எழுந்து, "என் பெண் பிளஸ் ஒன் வரைக்கும் போகணுமே ஐயா, ஒன்பதாம் வகுப்புக்கே பஸ் முதல் பீரியடு முடிஞ்சுதான் வருது" என்றார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, யார் யார் எட்டாம் வகுப்போடு நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்து பேர், ஐந்தும் பெண் பிள்ளைகள். இப்போது பஸ் 8.20-க்கு வருகிறது. ஐந்தில் மூன்று பேர் மறுபடி போகிறார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கும் டீச்சர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

ஒன்றே ஒன்று, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்த பிறகும் விழாத் தேதிக்காகக் கட்டடம் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. அடுத்த முறை பிள்ளைகளை முதலில் உள்ளே விட்டுவிடலாம், ரிப்பன் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

திறப்பு விழாப் பந்திக்கு இரவல் வாங்கிய பாத்திரத்தில் ஒரு பித்தளை அண்டா இன்னும் சத்துணவுக் கூடத்திலேயே இருக்கிறது. விளிம்பில் விலாசம், அதாவது குடும்பப் பேரின் சுருக்க எழுத்துகள், வெட்டியிருக்கிறது, முன்னால் உள்ளவை தேய்ந்து 'சுப.' மட்டும்தான் தெரிகிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி