உன் வரைபடத்தின் கூரை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய ஆறு வீட்டு வரிசையின் வரைபடத்தை இரண்டு நாள்களாக மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் பைபரி கிராமத்திலுள்ள பழைய கல்வீட்டு வரிசையான ஆர்லிங்டன் ரோவைப் பின்பற்றி வரைந்ததாகச் சொன்னாய். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் ஆறு வீடும் ஒரே அகலம், ஆறு முகப்பும் ஒரே உயரம், ஓடுகள் அனைத்தும் ஒரே அளவு. சென்ற ஆண்டு நாம் கோல்ன் ஆற்றங்கரையில் நின்று பார்த்த வரிசையில் இந்த ஒழுங்கு எங்கே இருந்தது?

அது குடியிருக்கவென்று கட்டப்பட்டதே அல்ல. 1380 வாக்கில் ஒரு துறவியர் மடத்தின் கம்பளிக் கிடங்காக எழும்பியது. 17ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தடுத்து நெசவாளர் வீடுகளாக்கினார்கள். கிடங்கிலுள்ள கம்பளிக்கு வெளிச்சம் வேண்டியதில்லை, மாடியறையில் புழங்கும் மனிதருக்கு வேண்டும். அதனால் கூரையை ஆங்காங்கே வெட்டி, முக்கோண நெற்றி வைத்துச் சாளரங்களை ஏற்றினார்கள். எதிரே ராக் ஐல் என்ற ஈரப் புல்வெளி இருக்கிறதே, துணி உலர்த்தும் சட்டங்கள் (ஆங்கிலத்தில் ‘ராக்’) நின்றதால் வந்த பெயர் அது.

கூரைக்கு வருகிறேன். அங்குள்ளவை சுட்ட ஓடுகள் அல்ல, சுண்ணாம்புக்கல் பலகைகள். பைபரி இருக்கும் காட்ஸ்வோல்ட் பகுதியின் சில குழிகளில் அந்நாளில் வெட்டிய கல்லை ஈரம் காயாமல் குளிர்காலம் முழுவதும் வெளியே போட்டு வைப்பார்களாம். உள்ளே ஊறிய நீர் உறைந்து விரியும்போது கல் தானே ஏடு ஏடாகப் பிளக்கும். அப்படிக் கிடைப்பவை ஒரே அளவில் வராது. சிறியதை வீணாக்காமல், பெரிய பலகைகளை இறவாரத்திலும், மேலே போகப்போகச் சிறியவற்றையும், மிகச் சிறியவற்றை முகட்டருகிலும் வரிசையிட்டு, ஒவ்வொன்றிலும் துளையிட்டு ஓக் மர முளையால் கூரையின் குறுக்குச் சட்டமான ரீப்பரில் தொங்கவிடுவார்கள். சரிவு முழுவதும் ஓடிவரும் மழைநீர் இறவாரத்தில்தான் அதிகம் என்பதால், அகலமான கல்லும் நீளமான மேற்பொருத்தும் அங்கேதான் தேவை. கல் சொரசொரப்பானது, நீரை உறிஞ்சக்கூடியது. நீர் தங்காமல் வழிய வேண்டுமென்றே ஏறத்தாழ 50 பாகைச் சரிவு வைத்தார்கள். முப்பது ஆண்டு கட்டட வேலை பார்த்த நானே அன்று சுவரின் தேன் நிறத்தில் மயங்கி, கிளம்பும் நேரத்தில்தான் இதைக் கவனித்தேன்.

ஆகவே ஓடுகளைக் கீழிருந்து மேலாகக் குறுக்கி வரை. சாளரங்களை உள்ளே அறை எங்கிருக்கிறதோ அங்கே வை. முகப்பு கோணலானால் ஆகட்டும். மறுபடியும் பைபரிக்குப் போனால் இறவாரத்தை மட்டும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பு. 1949 முதல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமையானாலும் அவ்வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சாளரத்தில் எட்டிப் பார்க்காதே.

வரைபடத்தின் அடியில் அளவுவிகிதம் குறிக்க மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அப்பா