கீழூரை மறந்துவிட்டுப் பேசாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். பாகூர் ஏரியில் தண்ணீர் இருக்கிறது, அதனால் இந்தப் போகத்துக்குக் கவலையில்லை.

போன வாரம் போனில் ஒன்று சொன்னாய். "இத்தனூண்டு புதுச்சேரிக்கு எதுக்குப்பா தனி முதலமைச்சர், தனிச் சட்டமன்றம்? தமிழ்நாட்டோட சேர்த்துட்டா என்ன?" டெல்லியில் உன்னோடு இருப்பவர்களும் அதையே கேட்கிறார்கள் என்றாய். அன்றைக்குப் பேசியிருந்தால் கோபமாகப் பேசியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாநிலங்களுக்கு அதிகாரம் எப்படிக் குறைந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1946 டிசம்பர் 13 அன்று, அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில், நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மத்திய அரசுக்கென்று ஒதுக்காத மிச்ச அதிகாரமெல்லாம் நாட்டின் உறுப்புப் பகுதிகளிடமே இருக்கும் என்றுதான் அதில் எழுதியிருந்தது. அதே வருஷம் வந்த பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு, மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு, அவற்றுக்கு வேண்டிய நிதி, இவ்வளவு போதும் என்றது. முஸ்லிம் லீக்கைத் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் மத்தி மெலிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. 1947 ஜூன் 3-இல் பிரிவினைத் திட்டம் வந்ததும் அந்தக் கணக்குக்கே வேலையில்லாமல் போனது. ஒரு பக்கம் கலவரம், ஒரு பக்கம் அகதிகள், சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் சமஸ்தானங்கள். அடுத்த மாதமே மத்தி வலுவாக இருக்க வேண்டும் என்று முடிவாகி, மிச்ச அதிகாரமும் அங்கே போய்விட்டது. கடைசியில் மத்தியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலங்களுக்கு 66, பொதுவில் 47.

அந்த நேரத்தில் அவர்கள் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆபத்துக் காலத்துக்கு எடுத்த முடிவு, ஆபத்து தீர்ந்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு வந்த ஒவ்வொன்றையும் மக்கள் கேட்டுத்தான் வாங்கினார்கள். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் பட்டினி கிடந்து உயிரை விட்ட பிறகுதான் ஆந்திரம் வந்தது. 1969-இல் மத்திய, மாநில உறவை ஆராயத் தமிழ்நாடு ராஜமன்னார் குழுவை அமைத்தது. நினைத்தபோதெல்லாம் மாநில ஆட்சியைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் சொல்ல 1994 ஆனது.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். கீழூரில் அந்த நினைவு மண்டபத்துக்கு உன்னைச் சின்னப் பிள்ளையில் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கேதான் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர் மொத்தமும் ஓட்டுப் போடவில்லையே என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. வங்கத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சந்திரநாகூரில் 1949-இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். பிறகு அந்த ஊர் மேற்கு வங்கத்தோடு கலந்தது. நாம் அப்படிக் கலக்கவில்லை. இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தம், இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது. சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும். 1979-இல் இணைப்புப் பேச்சு எழுந்தபோது இங்கே சனங்கள் தெருவில் இறங்கியது அதனால்தான்.

நம்ம கொல்லையிலேயே பாரேன். வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். வாய்க்கால் ஒன்று, களை எடுக்க வருகிற ஆட்களும் ஒன்றுதான். பெட்ரோல் போட மட்டும் முள்ளோடை தாண்டி அவர்கள் இங்கே வருகிறார்கள். அந்தப் பக்கத்து ஆளோடு எனக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சேர்ந்து வாழ்வதற்கு ஒரே அரசாங்கம்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

என் வருத்தம் வேறு. நாம் தேர்ந்தெடுப்பது 30 பேரை. அவர்களோடு 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது, அவர்களுக்கும் ஓட்டு உண்டு. நம்ம அரசாங்கத்தைக் கேட்காமலே நியமிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலம் மாதிரி நாற்காலி இருக்கிறது, ஆனால் நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது நம்ம பேர் அதில் கிடையாது. வரி வாங்க மாநிலம், பங்கு கேட்டால் யூனியன் பிரதேசம். மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் போட்டுவிட்டது. எனக்கும் அதுதான் வேண்டும்.

உனக்கு இணைப்புதான் சரியென்று இன்னமும் பட்டால், காரணத்தோடு எழுது, படிக்கிறேன். நம்ம புதுச்சேரியைச் சேர்ந்தும் கேரளத்துக்குள் கிடக்கிற மாஹேக்காரருக்கும், ஆந்திரத்துக்குள் கிடக்கிற ஏனாம்காரருக்கும் நீ என்ன பதில் சொல்வாய் என்பதையும் சேர்த்தே எழுது.

அன்புடன்,
அப்பா